நோக்கம்: இதர

விண்ணப்பத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன.
கல்யாணம், காதுகுத்து, மருத்துவம்,
படிப்பு, நகை மீட்பு, இதர.
இதரவில் டிக் அடித்தேன்.
பக்கத்தில் ஒரு விரற்கடை இடம்.
வெயில் என்று எழுதினேன்.

கொருக்குப்பேட்டை சிக்கன நாணயச் சங்கத்தின்
எழுத்தர் தேவநேசன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"வெயிலுக்கா கடன் கேக்குற?"
வெயிலுக்கு இல்ல சார்,
அது ஓசியிலயே வருது.

மூன்றாம் மாடி என்றேன்.
மேலே மொட்டைமாடி,
அதற்கு மேலே குடியிருப்பது சூரியன் மட்டும்.
வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட்,
கன்டெய்னர் நம்பர் குறிக்கிற வேலை.
காலை எட்டுக்குப் படுப்பார்.
பதினொன்றுக்குக் கூரை காய்ந்துவிடும்.
பன்னிரண்டுக்கு ஃபேன்
அந்தச் சூட்டை அப்படியே அள்ளி அவர் மேல் கொட்டும்.
ஒரு மணிக்குப் பார்த்தால்
பாத்ரூம் தரையில் கிடப்பார்,
நெஞ்சில் ஈரத்துண்டு, தலைமாட்டில் பக்கெட்.
போன மாதம் ஒன்பதை ஆறு என்று குறித்தார்.
கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டி
இரண்டு நாள் யார்டில் நின்றது.
மெமோவை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார்.
அளக்கும்போது கையில் வந்தது.

தேவநேசன் கால்குலேட்டரை இழுத்தார்.
வெள்ளை ஓடு, கலவை, கூலி,
கரண்ட் குறைவாகக் குடிக்கும் ஃபேன் இரண்டு.
நாற்பத்தெட்டாயிரம்.
மாதம் இரண்டாயிரத்து இருநூற்று அறுபது,
இருபத்துநாலு தவணை.
பில்லில் என்ன மிச்சமாகும்?
ஐநூறு யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால்
இரண்டு மாதத்துக்குத் தொள்ளாயிரம் சார்.
தட்டினார். அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார்.
"கணக்கு நேராக பத்து வருஷம் ஆகும்மா."
தூக்கத்தை எந்தப் பொத்தானில் போடுவது என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜாமீன் இரண்டு பேர்.
கீழ்வீட்டு தில்ஷாத்,
தண்ணீர் மோட்டார் சண்டையில்
எட்டு மாதமாக என்னோடு பேச்சு கிடையாது.
கதவில் வைத்தே கையெழுத்துப் போட்டாள்.
பேனாவைத் திருப்பித் தரும்போது மட்டும்
பேனாவிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"வாட்டம் பாத்துப் போடச் சொல்லு.
தண்ணி நின்னா எங்க செவுரு ஊறும்."
இன்னொருவர் எதிர்வீட்டு வீரபத்திரன்,
ரேஷன் கடையில் எடை போடுகிறவர்.
ஜாமீன் போடறேன், பணம் போட மாட்டேன் என்றார்.
எடை சரியாகத்தான் இருந்தது.

அதனால் மாடியில் பாதிதான் வெள்ளை.
நடுவில் கயிறு பிடித்துக் கோடு போட்டு
கொத்தனார் சரியாக எங்கள் சுவரோடு நிறுத்திக்கொண்டார்.
அந்தப் பக்கம் அவர் கூரை,
முப்பது வருஷத்துக் கறுப்பு.
வெள்ளை கண்ணைக் கூசுகிறது என்று
துணி காயப்போட வந்த அவர் மனைவி
இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

மே மாதம், மதியம் இரண்டு மணி.
கடனைக் கடனுக்காகத்தான் செலவழித்தேனா என்று
பார்க்க வந்தார் தேவநேசன்.
புது ஓடு ஆயிற்றே என்று
படி முடிவிலேயே ஷூவைக் கழற்றினார்.
சாக்ஸையும்.
நடந்தார், எண்ணினார், குனிந்து தட்டிப் பார்த்தார்.
எண்ணிக்கை தப்பி
வலது கால் கோட்டைத் தாண்டியது.
துள்ளினார் பாருங்கள்,
ஐம்பத்தைந்து வயசு ஆள்.
பிறகு வெள்ளையில் நின்றுகொண்டு
அந்தக் காலை இந்தக் காலால் தேய்த்தபடி
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எங்க வீடு ஆஸ்பெஸ்டாஸ்," என்றார்,
யாரும் கேட்காமலே.

படிவத்தில் இதர என்ற இடத்தில்
வெயிலுக்குப் பக்கத்தில்
நேரில் பார்த்தேன் என்று எழுதி
தேதி போட்டார்.

இறங்கும்போது எங்கள் கதவு லேசாகத் திறந்திருந்தது.
உள்ளே குறட்டை,
பழைய லாரி மேடேறுவதுபோல்.
தேவநேசன் நின்றார்.
போடக் குனிந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு
மூன்று மாடியும் வெறுங்காலோடு இறங்கினார்.

இன்னும் இருபத்துமூன்று தவணை இருக்கிறது.