நூல் பிடித்தல்

முழங்காலின் உட்பக்கம் பெருவிரலால் அமர்த்தி
"இதிலயா?" என்றார் டொக்டர் தர்மிகா.
கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.
அதுவே பதிலாய்ப் போயிற்று.

கல்முனை ஆஸ்பத்திரி, துண்டு நம்பர் அறுபத்தொன்று.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்:
தொடையெலும்பின் ஓரமாய்
வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று.
"நாருக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

இருபத்திரண்டு வருசம் மாபிள் பதித்து
நான் திண்ட சீமெந்துத் தூசிதான்
கணக்குத் தீர்க்க வந்திருக்கிறதாக்கும் என்றேன்.
சிரித்தார்.
"தூசி அங்க போகாது, ஜௌசி.
எப்பயாவது விழுந்தீங்களா?"
இல்லை என்றேன்.

பின்னாலிருந்து சிபானா:
"காரைதீவுச் சந்தியில, மோட்டச்சைக்கிளோட,
போன நோன்புக்கு முந்தி.
நொச்சி வச்சுக் கட்டி, எண்ணெய் போட்டு உருவித் திரிஞ்சாரு.
ஒரு நாள் லீவு எடுக்கல்ல."

பிய்ந்த நாரை ஒட்டப்போன உடம்பு
அவசரத்தில் சாந்தை அள்ளி அப்பிவிட்டதாம்.
விளங்கிற்று.
நான் வேலையால் நிறுத்திய மேசன்மார் எல்லாரும் அப்படித்தான்.

ஸ்கேன் கருவியின் குளிர்ப் பசை.
விறைப்பு ஊசி. பிறகு பெரிய ஊசி.
சாம்பல் திரையில் அது சாய்ந்து சாய்ந்து போய்
அந்த வெள்ளையைத் தொட்டது.
உப்புத் தண்ணீரை அடித்து, இழுத்து,
அடித்து, இழுத்து.
சிரிஞ்சில் வந்த கலங்கல்
கல்லிடுக்குப் பூச்சுக் கழுவிய வாளித் தண்ணீரேதான்.
போத்தலில் தருவீர்களா என்று கேட்டேன்.
தரவில்லை.

ஆறு கிழமைக்கு முழங்காலில் நிற்கக் கூடாது.
வேலைக்கு றிப்கான் போகிறான்.
அவன் விடும் இடைவெளிகளை நினைத்தால்தான்
நித்திரை வருகுதில்லை.

நிந்தவூரில் எங்கட பள்ளி,
கடைசி ஸஃப்பில் பிளாஸ்டிக் கதிரை.
காப்பெற் கழுவப் போயிருந்தது.
எல்லோரும் சுஜூதுக்குத் தாழ
கண்முன்னே தரை விரிந்தது,
பதினொரு வருசத்துக்கு முன் நான் பதித்த தரை.
பார்வையை மடியில் வைத்திருக்க வேண்டும்.
வைக்கவில்லை.

மூன்றாம் தூணடியில் ஒரு கல்
அரை நூல் விலகிக் கிடக்கிறது.
அதன் பின்னால் வந்த வரி முழுக்க
அந்த அரை நூலைச் சுமந்தபடி சுவர்வரை போகிறது.
இத்தனை வருசம் அதன்மேல் நெற்றி வைத்தவன்
காணக் கூடிய அளவில்லை.

சலாம் கொடுத்த பிறகும் எழும்பாமல் இருந்தேன்.
பக்கத்துக் கதிரைக்காரர் குனிந்து பார்த்து
"என்ன, நோகுதா?" என்றார்.
"கொஞ்சம்" என்றேன்.