தார் காய்வதற்குள்

தவறி வந்த பெட்டி.
ஜொகூர் பாருவில் இறக்க வேண்டியதை
லாபிஸில் இறக்கிவிட்டான் லோரிக்காரன்.
ஆறு போத்தல். ஸ்டவுட் அடுக்குக்கு மேலே
ஐந்து மாதம் தூசி தின்றது.
"நெ-பி-யோ-லோ" என்று எழுத்துக்கூட்டினேன்.
"லோ என்றால் எங்கள் பாஷையில் கிழடு,
அதுதான் எவனும் தொடவில்லை,
முப்பது வெள்ளி கொடு" என்றார் ஆ சூன்.
சம்பளத்துக்கு மறுநாள். கொடுத்துவிட்டேன்.

இந்த ஊரில் ஒரு பெண் போத்தல் வாங்கினால்
அது புருஷனுக்கு.
நானும் அப்படித்தான் தலையாட்டினேன்,
செய்தித்தாளில் சுற்றி
கருவாட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு.

செம்பனை ஆலையின் சோதனைக்கூடத்தில்
பதினேழு வருஷமாக
எண்ணெயின் புளிப்பை எண்ணில் சொல்பவள் நான்.
துளித்துளியாகக் காரம் விட்டு
குடுவை இளஞ்சிவப்பாகி
முப்பது விநாடி நிலைத்தால் எழுதுவேன்:
மூன்று புள்ளி எட்டு. நான்கு புள்ளி ஒன்று.
இரண்டு நாள் கிடந்த குலையை
லோரி வாசலில் திரும்பும்போதே சொல்லிவிடும்
என் மூக்கு.

ஊற்றினேன்.
இவ்வளவுதானா?
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாட்காட்டியின்
தேதிகூடத் தெரிந்தது.
பால் விடாத தேயிலை, ஓரத்தில் செங்கல் கரைத்த நிறம்.
சாது என்று நினைத்து வாயில் வைத்தேன்.
ஈறைப் பிடித்துக்கொண்டது.
பிஞ்சு வாழைக்காய் அரிந்த கத்தியை
நாக்கில் துடைத்த மாதிரி.
குணாளன் ஒரு மிடறோடு எழுந்தார்:
"முப்பது வெள்ளிக்கு
ஒரு மூட்டை பாக்கு மென்றிருக்கலாம்."

துவர்ப்பு.
ஆறு சுவை என்று எண்ணத் தொடங்கி
ஐந்திலேயே சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.
ஆறாவதற்கென்றே ஒரு கொடி
எங்கோ மலைச்சரிவில்
ஐப்பசி வரை பழுக்காமல் பிடிவாதம் பிடிக்கிறது.
நெபியா என்றால் அங்கே மூடுபனியாம்;
அது இறங்கும் மாதத்தில்தான் பறிப்பு,
பேரும் அதிலிருந்துதான் என்கிறார்கள்.
எங்களுக்கும் மூட்டம் உண்டு.
காடு எரிந்து வருவது.
பள்ளிக்கூடம் மூடுவார்கள், முகமூடி விற்பார்கள்,
அதன் பேரை ஒரு பழத்துக்கும் வைக்கவில்லை.

மறுநாள் ஒரு மிடறளவு சீசாவில் கொண்டுபோய்
யாருமில்லாத மதியத்தில் சோதித்தேன்.
காரம் விழ விழச் சிவப்பு சாம்பலாகி,
சாம்பல் பச்சையாகி,
எங்கே முடிந்தது என்று காட்டவேயில்லை.
குடுவையைக் கழுவிவிட்டேன்.
பதிவேட்டில் அந்த வரி இன்னும் காலி.

மூன்றாம் நாள் தீமிதி.
அதற்கு முந்தின இரவுதான் நகராண்மைக்காரர்கள்
நினைவு வந்து கோயில் சாலைக்குத் தார் ஊற்றினார்கள்.
காய்வதற்குள் தேர் வந்துவிட்டது.
மாலைகள் உதிர்ந்தன.
பன்னீர் ரோஜா இதழ்கள் தாரில் ஒட்டிக்கொண்டு
எழவுமில்லை, புதையவுமில்லை.
என் செருப்பில் ஒன்று பிய்ந்து
அங்கேயே நின்றுவிட்டது.

ஒற்றைச் செருப்போடு வீடு வந்து
கால் கழுவி,
காகிதம் அடைத்து வைத்திருந்த மிச்சத்தை
ஊற்றினேன், கொட்டுவதற்குமுன் ஒரு தடவை.
தார் மணத்தது.
பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தம்.
மறுபடி முகர்ந்தேன்.
தாருக்கு அடியில் ரோஜா,
அதுவும் புதிது இல்லை,
மாலையிலிருந்து மறுநாள் எடுத்துப்போடும் ரோஜா.
ஈறைப் பிடித்தது இன்னும் பிடித்துத்தான் இருந்தது.
ஆனால் இப்போது
தெரிந்தவர் கையைப் பிடிப்பது மாதிரி.
விளக்கைப் போடாமல் நின்றபடியே முடித்தேன்.

ஆ சூனிடம் போனேன்.
"ஒன்றை வாத்துக்கு ஊற்றினேன்,
வாத்து கறுத்துவிட்டது.
நாலு இருக்கிறது. நாற்பது வெள்ளி."
போன வாரம் முப்பது என்றேன்.
"நீ திரும்பி வந்திருக்கிறாயே,
அப்படியென்றால் சாமான் நல்ல சாமான்."
கொடுத்தேன். செய்தித்தாள் வேண்டாம் என்றேன்.

கோயில் சாலையில் குலை லோரிகள் ஏறி ஏறி
இதழ்கள் தாரோடு தாராகிவிட்டன.
மழை பெய்த அன்று மட்டும்
கொஞ்சம் சிவக்கின்றன.