மூன்றாம் கவுண்டர்

ராஸ்காமனில் நவம்பர் மழை.
அட்ராக்டா பிடித்த தள்ளுவண்டி
இடப்பக்கம்தான் போவேன் என்கிறது.

தயிர் நேற்றோடு காலாவதி;
புது விலைச்சீட்டில் மட்டும்
பசை இன்னும் காயவில்லை.
ரொட்டி அடுக்கில் ரொட்டி இல்லை,
"உங்கள் திருப்தியே எங்கள் லாபம்" என்றொரு அட்டை.

ஆறு கவுண்டர். ஒன்றில்தான் ஆள்.
மிச்சமெல்லாம் இயந்திரம்:
வைத்த வெங்காயத்தையே
வை வை என்று அதட்டுகிறது.

வாசலில் புகார்ப் பெட்டி. பூட்டில் துரு.
மார்ச்சில் அவள் போட்ட சீட்டு
உள்ளே இறங்க இடமில்லாமல்
இன்னும் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது.
இழுத்தாள். கூடவே இன்னொன்று வந்தது:

"பால் மறுபடி திரிந்திருக்கிறது.
வாங்க வருகிறவர்கள் முகத்தை
என்னால் பார்க்க முடியவில்லை.
ஃபிடெல்மா, மூன்றாம் கவுண்டர்."

நாக்கு நுனியில் இருந்த வசவு
எங்கோ போயிற்று.
இரண்டையும் சேர்த்து மடித்துத் திணித்தாள்.
பெட்டி வாங்கிக்கொள்ள மறுத்தது.