ஒன்று புள்ளி எட்டு

பகாவ் மில்லில் லோரி நிறுப்பது என் வேலை.
செம்பனைக் குலையோடு வரும்போது ஒருமுறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
வரும்போது ஏறியிருந்து
போகும்போது இறங்கிக்கொண்டால்
மாசிலாமணியும் சரக்குதான், தொண்ணூறு கிலோ.

ராத்திரி வீட்டில் இன்னொரு தராசு,
தீப்பெட்டி அளவு.
அதன்மேல் ஊசியை இறக்குவேன்.
ஒன்று புள்ளி ஒன்பது.
கையின் பின்எடையை மயிரிழை திருகுவேன்.
ஒன்று புள்ளி ஏழு.
காற்றாடியை நிறுத்து, மூச்சையும்.
ஒன்று புள்ளி எட்டு.
கிராம்.

பழைய ஊசி உருண்டை முனை.
தட்டின் ஓரத்தில் ஒழுங்காக ஓடும்,
நடுவை நெருங்க நெருங்கத் தடுமாறும்.
எந்தத் தட்டைப் போட்டாலும் கடைசிப் பாட்டில்
'ச' வரும் இடமெல்லாம் பாம்பு.

ஓவர்டைம் காசு எழுநூறு வெள்ளி சேர்ந்ததும்
லியோங் கடைக்குப் போனேன்.
மேடையை மாற்றலாம், கையை மாற்றலாம்,
கார்ட்ரிட்ஜை மாற்றலாம் என்றார்.
மூன்றுக்கும் காசு இருக்கிறதா என்று
கேட்காத நல்ல மனிதர்.
"உன் கை கனம். இந்த ஊசி மெல்லிசு.
ரெண்டும் ஒரு வீட்டில் இருக்காது லா."
இருந்தாலும் ஊசிதான் வாங்கினேன்.
கையை மாற்றினால் கண்ணுக்குத் தெரியும்.
ஊசி காதுக்கு மட்டும்.

"எழுநூறா? துணி தைக்குமா அது?"
என்றாள் அக்கா பிலோமினா.

நான்கு ஒயர், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு.
புருவம் பிடுங்கும் இடுக்கியால் மாட்டினேன்.
இரவு ஷிப்ட் முடித்த கண்.
வெள்ளையும் நீலமும் இடம் மாறிப்போய்
பாடகி நடுவில் நிற்காமல்
சுவரெல்லாம் பூசினாற்போல் பரவிவிட்டாள்.
பிடுங்கி மறுபடி மாட்டியதும்
வந்து நின்றாள்,
அலமாரிக்கும் காலண்டருக்கும் இடையில்.
கடைசிப் பாட்டு வரை பாம்பு இல்லை.
பாடுமுன் உதடு பிரியும் சத்தம்.
பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்.

அதற்கும் அடியில் ஏதோ ஒன்று.
உறுமல் என்று சொல்ல முடியாது.
பசித்த வயிறுபோல.
எர்த் ஒயரை இறுக்கினேன். போகவில்லை.
மோட்டாரை அணைத்தேன். போகவில்லை.
ஓடாத தட்டின்மேல் ஊசியை வைத்து
ஆம்ப்ளிஃபையரை முழுக்கத் திருகினேன்.

மில்.
வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மில்
தரை வழியாக, மேசைக்கால் வழியாக ஏறி
என் எழுநூறு வெள்ளிக்குள் உட்கார்ந்திருந்தது.
பாய்லர். குலை வேகும் கலத்தில்
ஆவி திறக்கும் நீண்ட மூச்சு.
பிறகு ஒரு லோரி,
இரண்டாம் கியரில் இறங்கி வந்து
நிறுவை மேடையில் முன்சக்கரம் வைத்தது.
நாற்பது டன் ஏறியதும்
ஒன்று புள்ளி எட்டு நடுங்கியது.
பிரேக் கிறீச்சிடும் விதம் தெரியும் எனக்கு.
காத்திருந்தேன்.
கதவு சாத்தும் சத்தம் வரவில்லை.

காலையில் கேட்டேன்,
"நேற்று ராத்திரி ஏன் இறங்கல?"
மாசிலாமணி கூரையைப் பார்த்தார்,
விளக்குக் கம்பத்தைப் பார்த்தார்.
"புதுசா காமிரா போட்டுட்டானா?"
தொண்ணூறு கிலோவைக் கழித்து எழுதினேன்.

லியோங்குக்குச் சொன்னால் கை என்பார்.
மோட்டார்சைக்கிள் டியூப் ஒன்று வாங்கி
அரைக் காற்று அடித்து
மேடைக்கு அடியில் வைத்தேன். பன்னிரண்டு வெள்ளி.
மில் போய்விட்டது.
கொஞ்சம் பாக்கி இருக்கலாம்,
தேடினால் கிடைக்கும், தேடவில்லை.

டியூப் மெல்ல இறங்குகிறது.
பத்து நாளுக்கு ஒருமுறை
சைக்கிள் பம்பை எடுத்து
மண்டியிட்டு அடிக்க வேண்டும்.
பிறகு எல்லாம் சாய்ந்திருக்கும்,
மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்,
மறுபடி காற்றாடி, மூச்சு.
கை அடுத்த வருஷம்.