கழிவு

சுன்னாகம், கூட்டுறவுச் சங்க மேல்மாடி.
மின்விசிறி மூன்று. சுழல்வது ஒன்று.
ஆங்கிலத்தைத் தமிழாக்க, தமிழை ஆங்கிலமாக்க
மணிக்கு ஆயிரத்து எண்ணூறு எனக்கு.
பஸ் காசு தனி.

வர்த்தக உடன்படிக்கை பற்றிப் பொதுமக்கள் கருத்து
என்று பதாகை சொன்னது.
கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் ஒரு நீலக் கோடு காட்டினார்.
ஒப்பமிட்டால் ஏற்றுமதி இப்படி, என்றார்.
கோடு ஏறிக்கொண்டே போய்
திரை முடிந்த இடத்தில் நின்றது.

முதலில் எழும்பியவர் உரும்பிராய்த் தவயோகம்.
தாளோடு பிடுங்கிய வெங்காயம்போல
ஒலிவாங்கியைத் தலைகீழாய்ப் பிடித்தார்.
"மாசியிலை நான் கிண்டுறன்.
அதே கிழமை பம்பாய் வெங்காயம் கப்பலாலை இறங்குது.
வரியைக் கூட்டுறம் எண்டியள். கூட்டினியள்,
நான் வித்து முடிச்சாப் பிறகு.
இனி அந்த வரியும் இல்லையாம்.
சந்தையிலை நூறு கிலோ போட்டால்
தொண்ணூறுக்குத்தான் காசு. பத்துக் கழிவு.
ஏனெண்டு கேட்டால், வழமையாம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
தீர்வை மாற்றங்களின் காலம் பற்றி
விவசாயிகளுக்குக் கவலை உண்டு.
மாசி மாதமும் அந்தக் கிழமையும்
என் வாயிலேயே தங்கிவிட்டன.

அடுத்தது நிதர்சினி. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலை,
கை பொருத்தும் வரிசை.
"எங்கட உடுப்பு வெளிநாடு போறதே வரிச்சலுகையாலை.
சலுகை நிண்ட வருசம் ரெண்டு வரிசையைப் பூட்டினவை.
அக்கா அதிலைதான் நிண்டவ.
ஐயாவுக்கு வரி வேணும், எனக்கு வரி வேண்டாம்.
நாங்கள் ரெண்டு பேரும்
ஒரே பஸ்ஸிலைதான் வந்தனாங்கள்."

"பிள்ளை, நீ கறிக்கு எந்த வெங்காயம் வெட்டுறனி?"
பின்வரிசையில் ஒரு குரல்.
"மலிஞ்சது."
மண்டபம் சிரித்தது.
கொழும்புக்காரரும் சிரித்தார், விளங்காமலே.
சிரிப்புக்கு மட்டும் தீர்வை கிடையாது.

கஸ்தூரியார் வீதி யோகரட்ணம் எழும்பவில்லை,
இருந்தபடியே சொன்னார்:
"நான் இறக்காட்டி வேற ஒருத்தன் இறக்குவான்."
அதை அப்படியே கொடுத்தேன். குறையாமல் போனது.

பிறகு வந்தவர் பதில் சொன்னார்.
சில துறைகளில், குறுகிய காலத்துக்கு,
தொழிலாளருக்கு நேரப்போவது என்று
ஆங்கிலத்தில் ஒரு சொல்.
திணைக்களம் தந்த சொற்கோவையில்
அதற்கு நேரே ஒன்றுதான் அச்சாகியிருந்தது.
வேறு தேட நேரமில்லை. சொன்னேன்:
இடப்பெயர்வு.

கதிரை ஒன்றும் அசையவில்லை.
ஒற்றை விசிறியின் கிறீச்சு மட்டும்.

"சாமான் கட்டட்டோ?"
தவயோகம்தான், ஒலிவாங்கி இல்லாமல்.
"இந்தமுறையும் நாவற்குழிப் பாலத்தாலையோ?"
ஒருவரும் சிரிக்கவில்லை.
தொண்ணூற்றைந்தில் எனக்கு ஆறு வயது.
அந்தப் பாலத்தில் என் ஒரு செருப்பு இருக்கிறது.

என்ன கேட்கிறார், என்று என் பக்கம் குனிந்தார் வந்தவர்.
கால அட்டவணை கேட்கிறார், என்றேன்.
நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்.

நாலரைக்கு முடிந்தது.
கணக்கர் வரி கழித்து மிச்சத்தைக் கடிதஉறையில் தந்தார்.
வாசலில் தவயோகம், கையில் ஒரு பை.
அதிகாரிக்குக் காட்டக் கொண்டுவந்த வெங்காயம்,
காட்டச் சந்தர்ப்பம் வரவில்லை.
"தங்கச்சி, நான் சொன்னது முழுக்கப் போச்சுதோ?"
பெரும்பாலும், என்றேன்.
"கழிவு எவ்வளவு?"

நான் வாய் திறக்குமுன் நிதர்சினி வந்து
பைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"ஐயா, கிலோ என்ன விலை?"
அவர் சொன்னார்.
"கடையிலை அறுபது ரூபா குறைவு."
"கடைக்குப் போ."
"முப்பது குறையுங்கோ."
பஸ் வந்து நின்றது, ஏறவில்லை இருவரும்.
நடத்துநர் கதவைத் தட்டினார்.
"பத்து," என்றார் தவயோகம்.
"இருபத்தஞ்சு," என்றாள் அவள்.