இடப்பக்கக் கதவு

போல்ட் மொத்தம் பன்னிரண்டு.
பதினொன்று கழன்றது, ஒன்று தலை உடைந்தது.
எதிர்பார்த்ததுதான்.
ஜெலுத்தோங் கடற்காற்று
எந்தப் போல்ட்டையும் சும்மா விட்டதில்லை.

அதற்கு முன்பே கதவு வாய்கள் இரண்டிலும்
குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்திருந்தோம்.
கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பு சேஸிதான்.
அதை விட்டுத் தூக்கினால் பாடி
நனைந்த அட்டைப்பெட்டிபோல் நடுவில் மடங்கும்.

தூக்க ஆறு பேர்.
நான், பூன் ஹெங், ரோஸ்லான்,
எதிர்க்கடை டயர்க்காரர்கள் இருவர்,
கடிதம் கொடுக்க வந்து மாட்டிக்கொண்ட தபால்காரர்.
"சத்து, டுவா" என்றான் ரோஸ்லான்.
மூன்று சொல்வதற்குள் மேலே வந்துவிட்டது.
இவ்வளவுதானா என்று
தபால்காரருக்கு ஏமாற்றம்.

கீழே சேஸி மட்டும்,
தட்டில் மிஞ்சிய மீன்முள்.
தூக்குக்குண்டு விட்டுச்
சிமெண்டில் சாக்பீஸ் புள்ளி வைத்தேன்.
மூலைக்கு மூலை நூல் பிடித்தோம்.
இப்படி ஒரு கணக்கு, அப்படி ஒரு கணக்கு.
வித்தியாசம் பதினொரு மில்லி.

லோஜினி நம்பவில்லை.
"அப்பா ஒருத்தரையும் தொட விட்டதில்லை.
கப்பலால இறங்கினபடி அப்படியே இருக்கு எண்டுதான்
கடைசிவரைக்கும் சொன்னவர்."

சேஸி அப்படிச் சொல்லவில்லை.
இடப்பக்கம், கதவுக்கு நேர் கீழே, ஒரு மடிப்பு.
சூடுகாட்டி நிமிர்த்திய சுத்தியல் தடம்.
அவசர வேலை.
நிமிராத மிச்சத்துக்குப்
பாடியையே தட்டி இணங்கவைத்திருக்கிறான் எவனோ.
கைகாரன். ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

பாடிக்கும் சேஸிக்கும் நடுவே
மெல்லிய தகடு வைப்பது வழக்கம்.
நான்காவது போல்ட்டில் தகடு இல்லை.
நடுவில் துளைத்த பத்துக்காசுகள், மூன்று.
சுரண்டினேன்.
நாடாளுமன்றக் கட்டடம் தெரிந்தது,
பிறகு ஆண்டு.
1973.

அவள் வாங்கி
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அம்மா குளியலறையில வழுக்கி விழுந்தவ"
என்றாள், யாரிடமும் இல்லை.
"நான் பிறந்து மற்ற வருசம்.
இடது கால்."

டயர்க்காரன் ஒருவன் ஏதோ கேட்க வாயெடுத்தான்.
பூன் ஹெங் கம்ப்ரசரைப் போட்டான்.

இழுத்து நேராக்க இரண்டு நாள்.
சங்கிலி முனகி முனகிப்
பதினொன்று பூஜ்யமானது.
பாடியை இறக்கினோம்.
பொருந்தவில்லை.
கதவின் மேல் இடுக்கு நாலு, கீழ் இடுக்கு ஒன்பது.
தகட்டை ஏற்றினேன். எடுத்தேன். பாதி ஏற்றினேன்.
கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே
ரோஸ்லானுக்குத் தோள் போனது.

போன் போட்டுச் சொன்னேன்:
"கீல் பக்கம் வெட்டித்தான் ஆகணும்."
"பழையபடியே விட்டால்?"
"சேஸியை மறுபடி வளைக்கணும்.
ஓடும், மூடும்.
நூறைத் தாண்டினா இடப்பக்கம் இழுக்கும்."

அந்தப் பக்கம் அழைப்பு அறுந்ததோ என்று
இரண்டு முறை ஹலோ சொன்னேன்.
"வெட்டுங்கோ."

கழற்றிய பழைய பாகங்கள்
வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டன
என்று எங்கள் பில்லில் ஒரு வரி உண்டு.
அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.
உடைந்த போல்ட் ஒன்று,
ரப்பர் ஒரு பை,
முப்பது காசு.

சாவியை நீட்டினேன்.
ஸ்டீயரிங் பக்கம் போகவில்லை.
சுற்றி வந்து, இடப்பக்கம் ஏறிக்
கதவைச் சாத்தினாள்.
ஒரே தள்ளு, மூடியது.
திறந்தாள்.
கொஞ்சம் பொறுத்து
மறுபடி சாத்தினாள்.