உலக்கையும் பல்லியும்

கிரகணத்தன்று அஞ்சலாட்சி வீட்டு வாசலில்
பித்தளைத் தாம்பாளத்தில் உலக்கை நின்றது.
மஞ்சள் தண்ணீர், ஒரு செம்பருத்தி,
படம் பிடித்த கைபேசிகள் பதினான்கு.
எண்ணினேன்.
எண்ணித்தான் எனக்குச் சம்பளம்:
மஞ்சக்குப்பம் அரசுப் பள்ளி ஆய்வகத்தில்
சோதனைக் குழாய் எத்தனை போனது,
எத்தனை உடையாமல் வந்தது.

மறுநாள் கிரகணமில்லை.
வெறும் வியாழக்கிழமை, தண்ணீர் லாரி வரும் நாள்.
அதே தாம்பாளம், அதே உலக்கை.
பூண் தேய்ந்து தட்டையாகியிருந்ததை
விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்த்தினேன்,
மூச்சை அடக்கிக் கையை எடுத்தேன்.
நின்றது.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்போதும் நின்றது.
"பாத்தியா, ராகு விட்டப்புறமும் சக்தி போவல!"
அஞ்சலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ஜெயித்தேனா தோற்றேனா தெரியாமல்
குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனேன்.

அடுத்த சோதனைக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவில்லை.
டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் ஒரு பல்லி.
பேசும்போது அது சொன்னால் பேசியது பலிக்கும்.
தரையை மூன்று தரம் தட்டிக்கொள்ள வேண்டும்.
பழைய ரெக்கார்டு நோட்டில் கோடு கிழித்தேன்.
முதல் பத்தி மெய், அடுத்தது பொய்.
மூன்றாவது சும்மா:
அதே இரண்டு நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது.
அது இல்லையென்றால் மற்ற இரண்டும் வதந்தி.

"கெடிலம் மேற்கே பார்த்து ஓடுகிறது."
பல்லி சொன்னது.
"பண்ருட்டியில் பலா காய்ப்பதே இல்லை."
சொன்னது, அழுத்தமாக, இரண்டு தரம்.
"சில்வர் பீச் மணல் இனிக்கும்."
பதில் இல்லை.
"என் பெயர் தில்லைநாயகி."
பதில் இல்லை. நம்பவில்லை போல.
"பூவராகன் குறட்டை விடமாட்டார்."
உள்ளே குறட்டை, மேலே பல்லி,
இரண்டும் ஒரே நேரத்தில்.
நோட்டில் எழுதச் சிரிப்பு விடவில்லை.

பன்னிரண்டு இரவு.
ஒவ்வொரு பத்திக்கும் அறுபது தடவை.
மெய்க்கு ஒன்பது முறை சொன்னது,
பொய்க்கு எட்டு,
சும்மா இருந்ததற்குப் பத்து.

ஏன் பன்னிரண்டு என்று நோட்டில் எழுதவில்லை.
ஜிப்மரில் என் மார்பிலிருந்து ஊசியளவு சதை எடுத்து
புட்டியில் போட்டுப் பெயர் ஒட்டிய பையன்
"பன்னெண்டு நாள் கழிச்சி வாங்கம்மா" என்றான்.
புட்டியின் வாசனை எனக்குப் பழக்கம்.
எங்கள் அலமாரியில் ஒரு தவளை அதே தண்ணீரில்
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து
கண் மூடாமல் இருக்கிறது.

பல்லிக்கு ஒன்றும் தெரியாது.
நூற்றெண்பது தடவை கேட்டு நானே நிறுவியது,
தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
ஆனாலும் கடைசி இரவு
அந்த ஒரு வாக்கியத்தை
நாக்கு நுனி வரை கொண்டுவந்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.

இருட்டில் அது சொன்னது.
எதற்கென்று யார் கண்டது, நான் பேசவே இல்லையே.
கணக்குப்படி சும்மா பத்தி, அறுபத்தோராவது, செல்லாது.
விரல் மட்டும் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டியது.

காலையில் புதுச்சேரி பஸ்.
பக்கத்தில் பூவராகன், மடியில் ஃபைல்,
அதன் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியபடி.
ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டும்போது
அஞ்சலாட்சியின் போன்:
"விடியக்காலைல உலக்கைய நிறுத்திப் பாத்தேண்டி.
நின்னுச்சு. தைரியமா போய்ட்டு வா."

தட்டையான பூண்.
எந்த நாளும் நிற்கும், யாருக்காகவும் நிற்கும்.
அதைக் கண்டுபிடித்தவளே நான்தான்.

கீழே பெண்ணையாறு, பாதி மணல்.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
"ஆடாம நின்னுச்சா?" என்று கேட்டேன்.